பொன்னுரங்கம் சாரின் நகல்

செம்பாறை மாவட்டம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மாநிலத்திலேயே கடைசி இடத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய வருடமும் அதே இடம்தான். அதற்கும் முந்தைய வருடம் கடைசிக்கு முந்தைய இடம். அந்த வருடம் கல்வி அலுவலகத்தில் கேசரி கொடுத்தார்கள்.

முதன்மைக் கல்வி அலுவலர் இளவழுதி தலைநகரத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே அவருக்கு என்ன மரியாதை நடந்தது என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது ஒரு வேன் நிறைய சாம்பல் நிறக் குல்லாக்களும், நிரஞ்சனி என்ற இளம் பொறியாளரும் கூடவே வந்து இறங்கினார்கள். வேன் நேராக நெடுங்கரடு அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனது. கடைசி மாவட்டத்தின் கடைசிப் பள்ளி அது.

தலைமையாசிரியை ஜெசிந்தா ஒரு குல்லாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன உலோகப் பொட்டுகள்.

"எத்தனையாவது திட்டம் சார் இது? போன வருஷம் பசங்களுக்கு ஞாபக சக்திக்கு வல்லாரை மாத்திரை குடுத்தீங்க. மாத்திரை சாப்பிடணும்ங்கிறதையே மறந்துட்டானுங்க."

"இது அப்படி இல்ல டீச்சர். விஞ்ஞானம்" என்றார் இளவழுதி. "நிரஞ்சனி, நீங்களே சொல்லுங்க."

நிரஞ்சனி சொன்னாள். "கணக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் மனசுல அது எப்படிப் பதிஞ்சிருக்கோ அப்படியே ஒரு நகல் எடுப்போம் மேடம். பிள்ளைங்க குல்லாவைப் போட்டுட்டு மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினாப் போதும். எழுந்திருக்கும்போது அது அவங்களுக்கும் ஞாபகத்துல இருக்கும். நாலஞ்சு மாசத்துல சாயம் போற மாதிரி போயிடும். அதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிடும்."

"பரீட்சை முடிஞ்சதும் மறந்துடுமா?"

"ஆமா மேடம்."

"அப்ப இப்ப நடக்குறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. போடுங்க குல்லாவை" என்றார் ஜெசிந்தா.

நகல் எடுக்க வேண்டிய ஆள் யார் என்பதில் விவாதமே இல்லை. கணக்கு ஆசிரியர் பொன்னுரங்கம் ஐம்பதைத் தாண்டியவர். புத்தகத்தைத் திறக்காமலே எந்தப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று சொல்வார். கணக்கைப் போட்டு முடித்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுல என்ன இருக்கு? கண்ணை மூடிட்டுப் போடலாம்" என்பார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குல்லாவை மாட்டிக்கொண்டு ஒரு முழு நாள் உட்கார்ந்து, பத்தாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனதுக்குள் போட்டுக் காட்டினார். முடிந்ததும் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சத்துணவுக்குப் பிறகு பத்தாம் வகுப்பு முழுக்கக் கணினி அறையில் பாய் விரித்துத் தூங்கியது. தூங்கச் சொல்லி அரசாங்கமே உத்தரவு போட்டதில் பிள்ளைகளுக்கு அளவில்லாத சந்தோஷம்.

அடுத்த நாள் காலை பொன்னுரங்கம் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். அவர் திரும்புவதற்குள் வகுப்பே போட்டு முடித்திருந்தது. விடைக்கடியில் எல்லோரும் ஒரே மாதிரி இரட்டைக் கோடு இழுத்திருந்தார்கள். பிறகு நாற்பது வாயும் சேர்ந்து சொன்னது: "இதுல என்ன இருக்கு? கண்ணை மூடிட்டுப் போடலாம்."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இளவழுதியின் கண்கள் கலங்கிவிட்டன.

மற்ற விஷயங்கள் மெதுவாகத்தான் தெரிய வந்தன. மதியம் கத்தரிக்காய்ச் சாம்பாரை ஒரு பிள்ளையும் தொடவில்லை. எழுந்து நிற்கும்போதெல்லாம் எல்லோரும் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்றார்கள். பள்ளி வளாகத்துக்குள் ஒரு வெள்ளாடு நுழைந்ததும் பத்தாம் வகுப்பு மொத்தமும் பெஞ்சு மேல் ஏறி அலறியது. சின்ன வயதில் பொன்னுரங்கத்தை ஆடு முட்டித் தள்ளியது அன்று வரை ஊரில் யாருக்கும் தெரியாது. பூபாலன் என்ற பையன் பாடு இன்னும் மோசம். அவன் வீட்டில் முப்பது ஆடுகள். பள்ளிவிட்டுப் போனவன் சுற்றுச்சுவர் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அவனுடைய அம்மா சோற்றைச் சுவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கணக்கு மட்டும்தான் வரும்னு சொன்னீங்களேம்மா?" என்று பொன்னுரங்கம் நிரஞ்சனியிடம் கேட்டார்.

"மூளையில கணக்குக்குன்னு தனி அலமாரி கிடையாது சார். கணக்கு போடும்போது உங்க மனசுல வேற என்னென்ன ஓடிச்சோ அதுவும் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்துடும். பால்ல கலந்த தண்ணி மாதிரி. பிரிக்க முடியாது."

"கணக்கு போடும்போது நான் ஆட்டையா நெனைச்சேன்?"

"ஜன்னல் வழியா ஏதாவது கத்தியிருக்கும் சார்."

இதெல்லாம் பரவாயில்லை என்றுதான் எல்லோரும் விட்டார்கள். திருப்புதல் தேர்வு வந்தது. திருத்திய விடைத்தாள்களைப் பார்த்தபோது நிரஞ்சனிக்குத் தலை சுற்றியது. முக்கால்வாசிப் பேர் தொண்ணூறுக்கு மேல். ஆனால் எப்போதும் தோற்கும் பதினோரு பேர் இப்போதும் தோற்றிருந்தார்கள். அரசாங்கத் தாள்களில் 'மெல்லக் கற்போர்' என்று குறிக்கப்படும் அதே பதினோரு பேர். குல்லாக்களைச் சோதித்தாள், பழுதில்லை. தலைகளைச் சோதித்தாள், எல்லாத் தலையிலும் ஒரே நகல்தான் இருந்தது.

தலைமையாசிரியை அறைக்குப் பூபாலனைக் கூப்பிட்டார்கள். இளவழுதியும் பொன்னுரங்கமும் இருந்தார்கள்.

"கணக்கு தெரியலையாடா?" என்றார் ஜெசிந்தா.

"நல்லாத் தெரியுது டீச்சர்."

"அப்புறம் ஏன் பாதியில விட்ட?"

பூபாலன் தரையைப் பார்த்தான். "போட ஆரம்பிச்சா உள்ள ஒரு குரல் கேக்குது டீச்சர். 'இவனுக்கு எங்க வரப்போவுது'ன்னு. ஒவ்வொரு வரிக்கும் கேக்குது. அப்படியே கை நின்னுடுது."

"யாரு குரல்?"

பொன்னுரங்கத்தின் பக்கம் பார்க்காமலிருக்க அவன் பட்ட பாட்டிலேயே பதில் இருந்தது.

அடுத்து வந்தவள் ஷர்மிளா பானு. இரண்டாவது பெஞ்சு. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எனக்குக் குரலெல்லாம் கேக்கல டீச்சர். பேப்பர்ல பேர் எழுதப் போனேன், பேரே வரல. பத்து நிமிஷம் யோசிச்சேன். சார் மனசுல எனக்குப் பேரே கிடையாது. 'பச்சை ரிப்பன்'னுதான் இருக்கேன். மூணு வருஷமா சார் எனக்குக் கணக்கு எடுக்கறாரு."

தோற்காத பிள்ளை ஒருத்தனையும் கேட்டுப் பார்ப்போம் என்று கிருபாகரனை அழைத்தார்கள். எப்போதும் வகுப்பில் முதல் அவன்தான். "எனக்கு நூத்துக்கு நூறுன்னு சார் முடிவே பண்ணிட்டாரு டீச்சர். தொண்ணூத்தெட்டு வாங்கினதுக்கே எனக்கு என் மேலயே கோவம் கோவமா வருது. சோறு எறங்கல" என்று சொல்லிவிட்டு அழுதான்.

ஜெசிந்தா தொண்டையைச் செருமினார். "சரி, அதெல்லாம் விடு. என்னைப் பத்தி என்ன இருக்கு?"

"வேணாம் டீச்சர்."

"பரவால்ல, சொல்லு."

"வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவன் ஓடிவிட்டான்.

பொன்னுரங்கத்துக்கு முகம் கறுத்துப் போயிற்று. "என் மனசுல ஆயிரம் இருக்கும். அதை எட்டிப் பாக்க இவங்க யாரு? இத்தனை வருஷத்துல ஒரு பையனையாவது வாய் திறந்து மக்குன்னு சொல்லியிருப்பேனா? சொன்னதில்ல. அந்த மரியாதையை நான் காப்பாத்தியிருக்கேன்."

"நீங்க சொல்லவே இல்ல சார். அதான் நேரா உள்ள போயிடுச்சு" என்றார் ஜெசிந்தா.



வேறு ஆசிரியரின் நகலை எடுக்கலாம் என்று இளவழுதி யோசனை சொன்னார். சுற்றறிக்கை போனது. மனதில் இருப்பதும் சேர்ந்து வரும் என்ற செய்தி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மாவட்டத்தின் அத்தனை கணக்கு ஆசிரியர்களும் ஒரே நாளில் மருத்துவ விடுப்பு எடுத்தார்கள். பெரும்பாலானோருக்குத் தலைவலி.

"அப்ப ஒரே வழிதான் இருக்கு" என்றாள் நிரஞ்சனி. "பழைய நகலை எடுத்துட்டு, சாரோட நகலையே புதுசா ஒண்ணு வைக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி சார் மனசு மாறணும்."

"மாத்திக்கிறேன்" என்றார் பொன்னுரங்கம். வீம்புக்காரர்தான், ஆனால் பூபாலன் தரையைப் பார்த்தது அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, "பூபாலன் நல்லாப் படிக்கிற பையன், பூபாலன் நல்லாப் படிக்கிற பையன்" என்று ஸ்லோகம் மாதிரி உருப்போட்டார். பதினோரு பேருக்கும் தனித்தனியாக உருப்போட்டார். பிறகு வந்து குல்லாவை மாட்டிக்கொண்டார்.

புது நகலோடு தூங்கி எழுந்த பூபாலனிடம் நிரஞ்சனி ஆவலாகக் கேட்டாள். "இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப அந்தக் குரல், 'பூபாலன் நல்லாப் படிக்கிற பையன்'னு பல்லைக் கடிச்சிக்கிட்டு சொல்லுது மேடம். முன்னாடியே தேவல."

பொய் நகலாகாது என்பது பொன்னுரங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு வழியில்லாமல், ஆசிரியராகி இத்தனை வருடத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். பள்ளி விட்ட பிறகு பூபாலனை நிறுத்தி, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எங்கே தவறு செய்கிறான் என்று பார்த்தார்.

ஒரே இடத்தில்தான் தடுமாறினான். எந்தக் கணக்கானாலும் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் இடத்தில் வந்து நின்றான்.

"இது ஆறாங் கிளாஸ் பாடமாச்சேடா."

"அப்ப எனக்கு அம்மை போட்டிருந்துச்சு சார். திரும்பி வந்தப்ப பாடத்தை முடிச்சிட்டாங்க. இப்ப உங்க ஞாபகத்துல இருக்கறதால போடத் தெரியுது. ஆனா ஏன்னு புரியல. எதுக்கு சார் ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாத் திருப்பணும்?"

பொன்னுரங்கம் பின்னத்தை இன்னொரு தரம் எழுதி, இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"உங்களுக்கும் தெரியாதுல்ல சார்?" என்றான் பூபாலன் தயக்கத்தோடு. "எனக்குத் தெரியும். உங்க ஞாபகத்துல அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. 'திருப்பு, கேள்வி கேக்காத'ன்னு ஒரு சத்தம் மட்டும் இருக்கு. அது உங்க சத்தம்கூட இல்ல. வேற யாரோ. கனத்த ஆளு. மூக்குப் பொடி போடுறவரு. அவரு ஞாபகம் வந்தா எனக்குத் தும்மல் வருது." சொல்லும்போதே தும்மினான்.

"சவரிமுத்து சார்" என்றார் பொன்னுரங்கம் மெதுவாக. அவருடைய ஆறாம் வகுப்பு வாத்தியார். "'உனக்கு எங்க வரப்போவுது'ன்னு சொல்வாரு. என்னைப் பாத்துத்தான் சொல்வாரு."

"ஆமா சார். அடியில அவர்தான் இருக்காரு. மேல நீங்க இருக்கீங்க. அதுக்கும் மேல இப்ப நான். எல்லாருக்கும் சேர்த்து நான் தும்மறேன்."

பொன்னுரங்கம் எழுந்து கரும்பலகைக்குப் போனார். எதையாவது செய்தே தீர வேண்டும் போலிருந்தது. ஒரு பூசணிக்காயை வரைந்தார். அவருக்குப் படம் வராது. அது ஒரு கோபமான மனிதனின் முகம் போல இருந்தது.

"முக்கால் பூசணி இருக்கு. அதை அரைக்கால் அரைக்காலாத் துண்டு போடணும். எத்தனை துண்டு வரும்?"

"முழுசுன்னா எட்டு வரும்."

"முக்கால்தான் இருக்கு."

"அப்ப எட்டுல முக்கால். ஆறு." பூபாலன் சட்டென்று நிமிர்ந்தான். "சார், எட்டால பெருக்கறோம் சார்! அரைக்கால்னா எட்டுல ஒண்ணு. ஒரு முழுசுக்குள்ள எத்தனை இருக்குன்னு பாத்தா எட்டு. அதனாலதான் திருப்பறோம்!"

பொன்னுரங்கம் பூசணிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றார். "அட" என்றார். பிறகு இன்னொரு தரம், "அட, அதனாலதானா!" என்றார். முப்பது வருடமாகத் திருப்பிக்கொண்டிருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த ஜெசிந்தா அந்தச் சத்தத்தைக் கேட்டு, யாருக்கோ வலிப்பு வந்துவிட்டதென்று தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

மற்ற பத்துப் பேரோடும் இதே மாதிரி உட்கார்ந்தார். எல்லோரிடமும் பூசணிக்காய் அதிசயம் நடக்கவில்லை. ஒருத்தனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது. ஒருத்தி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் வந்தாள். இரண்டு பேரை எவ்வளவு முயன்றும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் ஏன் அப்படி என்று தெரிந்துபோயிற்று, அதற்குப் பிறகு பழைய குரலால் பேச முடியவில்லை. கிருபாகரனிடம் போய், "தொண்ணூத்தெட்டு நல்ல மார்க்குடா" என்றார். ஷர்மிளா பானுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பின்னால் திரும்பி, யாரைக் கூப்பிடுகிறார் என்று பார்த்தாள்.

தேர்வுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்பு மூன்றாவது நகல் எடுத்தார்கள். பிள்ளைகள் தூங்கி எழுந்தார்கள். நிரஞ்சனி கேட்பதற்கு முன்பே பூபாலன் சொன்னான். "குரல் இருக்கு மேடம். ஆனா இப்ப, 'பொறுமையாப் போடு, வந்துடும்'னு சொல்லுது. பல்லைக் கடிக்கல."

தேர்வு முடிவு வந்தது. நெடுங்கரட்டில் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். ஒருத்தி தேறவில்லை. பூபாலன் முப்பத்தொன்பது வாங்கினான். கிருபாகரன் தொண்ணூற்றேழு வாங்கிவிட்டு நன்றாகச் சாப்பிட்டான். மாவட்டம் இன்னமும் கடைசிதான், ஏனென்றால் குல்லா போட்டது ஒரே ஒரு பள்ளி. ஆனால் அந்த ஒரு பள்ளியின் முடிவைப் பார்த்துத் தலைநகரம் விழித்துக்கொண்டது.

இந்த முறை இளவழுதி திரும்பி வந்தபோது நடையே வேறாக இருந்தது. "வர்ற வருஷம் மாநிலம் முழுக்க! எல்லா அரசுப் பள்ளியிலயும்! நல்ல நகல்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. மத்த மாவட்டத்துல யாரும் தலையைக் குடுக்க மாட்டேங்கறாங்க. நம்ம சாரோடதுதான்!"

பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். லட்சக்கணக்கான பிள்ளைகள் கத்தரிக்காயைத் தள்ளிவைப்பார்கள். ஆட்டைக் கண்டு அலறுவார்கள். ஜெசிந்தாவைப் பற்றி அவர் நினைத்திருப்பது கன்னியாகுமரி வரைக்கும் தெரிந்துவிடும்.

"என்னோட மானம் போறது இருக்கட்டும் சார்" என்றார் கடைசியில். "அதுல என் பிள்ளைங்களும் இருக்காங்க. பூபாலன் இருக்கான், ஷர்மிளா பானு இருக்கா. அவங்க மொகம், பேரு, எங்க தடுக்கி விழுந்தாங்க, எல்லாம் இருக்கு. அவங்களைக் கேக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

பிள்ளைகளையும் பெற்றோரையும் கூட்டிக் கேட்டார்கள். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். "எந்த நகல் சார், மூணாவதுதானே?" என்று ஷர்மிளா பானு கேட்டாள். ஆமாம் என்றதும் எல்லோரும் சரி என்றார்கள். மற்ற இரண்டு நகல்களையும் அவர்கள் கண்முன்னாலேயே நிரஞ்சனி அழித்தாள்.

அடுத்த வருடம் பூபாலனுக்குத் தென்கோடியில் ஓர் ஊரில் ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தது. அவன் தலையிலிருந்த நகல் எப்போதோ வெளுத்துப் போயிருந்தது. ஆடுகளிடம் பழையபடி நெருக்கம். பெட்டியோடு தெரியாத ஊரில் இறங்கி, டவுன் பஸ் ஏறினான். பேச்சே வேறு மாதிரி இருந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பள்ளிக்கூடமே ஏறியது. கூச்சலும் தள்ளுமுள்ளுமாக வந்த பிள்ளைகளில் சிலர் அவனைப் பார்த்ததும் நின்றார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் கிள்ளிக்கொண்டார்கள். இரட்டைச் சடைப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"அண்ணே, நீங்க பூபாலன் அண்ணன்தானே?"

பூபாலன் தலையை ஆட்டினான்.

"நாந்தான் சொன்னம்லா!" என்று அவள் பின்பக்கம் திரும்பிக் கத்தினாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். "எங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும்ணே. பின்னத்துல வகுத்தல் வந்தா உங்க ஞாபகம்தான் வரும். நீங்க அந்தப் பூசணிக்காயைக் கண்டுபிடிச்சப்ப சாருக்கு ஒரு சந்தோஷம் வந்துச்சு பாருங்க, அது எங்களுக்கும் வருது. கணக்கு போடையில சிரிச்சிட்டு இருக்கோம்னு எங்க டீச்சர் ஏசுறாங்க."

ஒரு பையன் எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தான். இன்னொருத்தன் பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். ஐ.டி.ஐ. எங்கே இருக்கிறது, எங்கே இறங்க வேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். "பொறுமையாப் போங்கண்ணே, வந்துரும்" என்றது ஒரு குரல்.

டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர் இந்த அமர்க்களத்தைப் பார்த்துவிட்டு, பூபாலனை மேலும் கீழும் அளந்தார்.

"யாருப்பா நீ? சினிமாவுல எதுவும் நடிச்சிருக்கியா?"

"இல்லண்ணே" என்றான் பூபாலன். "கணக்குல கொஞ்சம் வீக்கு."